உஷார்! உங்கள் மாணிக்கத்துக்குள் ஈயக் கண்ணாடி இருக்கலாம்

கையில் மாணிக்க மோதிரமா? எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவாதீர்கள். அளவு மாற்றப் பத்தரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. பெயர் வேண்டாம். மகனுக்கு வேலை தள்ளிக்கொண்டே போகிறதென்று, ஜோசியர் சொன்னபடி ஐந்து காரட் மாணிக்கம் வாங்கினார். கண்காட்சி விற்பனையில் பதினெட்டாயிரம் ரூபாய். மாதுளை முத்து போல நிறம். கூடவே ஒரு பிளாஸ்டிக் அட்டை: 'இயற்கை மாணிக்கம்'.

மோதிரம் இறுக்கியது. வழக்கமான பத்தரிடம் கொடுத்தார். அவர் கல்லைக் கழற்றாமலே வளையத்தை வெட்டி, நெருப்பை ஊதிப் பற்றவைத்து, ஆசிட்டில் போட்டு எடுத்தார். கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக விரிசல்! "கல்லை மாத்திட்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டார். பல வருஷம் பழகிய மனிதர் கூனிக் குறுகிப் போய், கைக்காசைக் கொடுக்க முன்வந்தார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நல்ல மாணிக்கம் உருக 2000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பத்தரின் விளக்கு அதை ஒன்றும் செய்யாது. அவர் கற்ற தொழில் சரிதான். கல்தான் வேறு.

கல்லுக்குள் கண்ணாடி நிரப்பும் இந்த வேலை 2004 வாக்கில் பரவியது. மடகாஸ்கரின் ஆண்டிலமெனா பகுதியில் வெட்டிய மட்டக் கற்கள், உள்ளே விரிசலாகக் கிடந்தவை, தாய்லாந்துக்குப் போயின. அங்கே ஆசிட்டில் சுத்தம் செய்து, ஈயம் கலந்த கண்ணாடித் தூளோடு உலையில் வைத்தார்கள். உருகிய கண்ணாடி விரிசலுக்குள் புகுந்துகொண்டது. ஒளியை வளைப்பதில் இந்தக் கண்ணாடியும் மாணிக்கமும் ஏறத்தாழ ஒன்று. அதனால் விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். சூடோ ஆசிட்டோ பட்டால் கண்ணாடி கெட்டு, எல்லாம் வெளியே வந்துவிடும். எலுமிச்சைச் சாறு கூட அதை அரிக்கும்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்: அந்த அட்டை பொய் சொல்லவில்லை! ஒளி வளைவதை அளக்கும் ரிப்ராக்டோமீட்டரில் வைத்தால் மாணிக்கத்துக்கு உரிய 1.76 தான் காட்டும். மாணிக்கம் உண்மை. அதற்குள் கண்ணாடி இருப்பதைத்தான் சொல்லாமல் விட்டார்கள்.

பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார்கள். நம்பாதீர்கள், சிவப்புக் கண்ணாடியும் அப்படித்தான் தெரியும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் வீண். 1902லேயே வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் உலையில் மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்துவிட்டார். அந்தச் செயற்கைக் கல்லும் அசலைப் போலவே கண்ணாடியைக் கீறும்.

பெரிய கல், பளிச்சென்ற சிவப்பு, விலை மட்டும் சல்லிசு என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், விளக்கு வெளிச்சத்தில் கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்கள். விரிசலுக்குள் நீல நிறம் மின்னி மறைகிறதா? குட்டிக் குமிழிகள் தட்டையாகத் தெரிகின்றனவா? அப்படியானால் கண்ணாடி நிரப்பிய கல்தான். வளைந்த கோடுகள் ஓடினால் அது வெர்னாய் வழியில் செய்த உலைக் கல். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பழகிய கண்ணுக்குத்தான் இது அகப்படும்.

முத்திலும் எச்சரிக்கை வேண்டும். 'தூத்துக்குடிக் கடலில் குளித்து எடுத்த புது முத்து' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அங்கே முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதைப் பல்லில் உரசிக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்வார்கள்.

மீண்டும் மாணிக்கத்துக்கு வருவோம். வெறும் சூடு காட்டி நிறம் கூட்டிய மாணிக்கம் சந்தையில் சகஜம். சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆகவே காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: "கண்ணாடி நிரப்பினதா? வேற என்ன செஞ்சிருக்கீங்க?" வாங்கும் கல்லை, கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தில் காட்டுங்கள். அறிக்கையில் கல்லின் பெயர் மட்டும் போதாது, அதற்குச் செய்த வேலையும் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பத்தரிடம் கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கும்போது, கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பில்லில் எழுதித் தர கடைக்காரர் தயங்கினால், கல்லை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.