துருவுக்கு அடியில் உள்ள எஃகு

தச்சர் ஒருவர் தொழிலை விட்டபின், அவருடைய கருவிப் பெட்டி பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேருகிறது. அங்கே நல்ல இழைப்புளிக்கும் உடைந்த ஜன்னல் கம்பிக்கும் ஒரே மதிப்புதான். இரண்டும் தராசில் ஏறுகின்றன. மின்கருவிகள் பரவிய பிறகு இவ்வாறு கைவிடப்படும் கருவிகள் பெருகியுள்ளன. பொழுதுபோக்காகத் தச்சுவேலை பழகும் நம் வாடிக்கையாளர்களும், அதனையே தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர்களும் அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்கலாம். எதைத் திருத்தலாம், எதைத் திருத்த இயலாது என்று அறிந்திருப்பதே முக்கியம்.

இத்தகைய சந்தைகள் நாடெங்கும் உள்ளன. மும்பையின் சோர் பஜார், அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி சந்தை, புனேயின் ஜூனா பஜார், ஐதராபாத்தின் ஜுமேராத் பஜார் ஆகியன பெயர் பெற்றவை. ஜுமேராத் என்றால் வியாழக்கிழமை. சந்தை நாள் பெயரிலேயே இருக்கிறது. வடக்கே இழைப்புளியை ‘ரந்தா’ என்றும், ரம்பத்தை ‘ஆரி’ என்றும் கேட்க வேண்டும்.

சந்தையில் கிடைப்பவற்றுள் உள்ளூர்க் கொல்லர் அடித்த உளிகளும் உண்டு. ஷெஃபீல்ட் நகர முத்திரை கொண்ட ஆங்கிலேயக் கருவிகளும் உண்டு. பழைய ஆங்கிலேய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பதைக் கண்டு, வார்ப்பிரும்பு என எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் வகுத்த முறைப்படி மூசையில் உருக்கிய உயர்தர எஃகையே அச்சொல் குறிக்கிறது. மாறாக, ஸ்டான்லி இழைப்புளியின் உடலில் 1910 எனக் கண்டால், அது 1910-இல் செய்யப்பட்டது என்று விற்பவர் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டாம். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. கருவி அதற்குப் பின் வந்தது என்பது மட்டுமே உறுதி.

வாங்குமுன் நாம் அஞ்ச வேண்டியது செந்துருவை அன்று. மேலோட்டமான துரு ஒரே நாளில் நீங்கும். இழைப்புளியின் வார்ப்பிரும்பு உடலில், குறிப்பாக அலகு வெளிவரும் வாய்ப்பகுதியின் இருபுறமும், விரிசல் உள்ளதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் இருப்பின், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கைப்பிடி உடைந்திருப்பது பெருங்குறையன்று. தேக்கிலோ ஈட்டியிலோ புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம். அடுத்து அலகைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். கழற்ற மறுக்கும் கடையில் வாங்காமலிருப்பதே நல்லது. பழைய அலகுகள் பலவற்றில் மென்மையான இரும்பின்மீது கடின எஃகுத் தகடு ஒன்று முனைப்பக்கம் மட்டும் பற்றவைக்கப்பட்டிருக்கும். தீட்டித் தீட்டி அது தேய்ந்துபோயிருந்தால் அலகின் ஆயுள் முடிந்தது. முனையருகே, அலகின் தட்டையான பின்புறத்தில், துரு குழி குழியாக அரித்திருந்தாலும் கூர்மை நிலைக்காது. குழிகளைத் தாண்டும்வரை முனையைத் தேய்க்கப் போதிய நீளம் இருந்தால் வாங்கலாம்.

ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பல்வரிசையின் நேர்மையை நோக்க வேண்டும். மழுங்கிய பற்களை முக்கோண அரத்தால் மீட்கலாம். தகட்டில் விழுந்த கூரிய மடிப்பை நிமிர்த்துவது கைதேர்ந்தவர்க்கே கடினம்.

வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை, பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதனை உலர்வாகத் தேய்க்காதிருப்பது. துருப்பிடித்த இரும்புப் பாகங்களை வினிகரில் ஓரிரவு ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். நம் வீடுகளில் பித்தளைக்குப் பயன்படும் புளிக்கரைசலும் மெதுவாக இதே பணியைச் செய்யும். நாள்கணக்கில் விட்டால் அமிலம் எஃகையே அரிக்கத் தொடங்கும். எடுத்தவுடன் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, அக்கணமே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். இல்லையேல் சிறிது நேரத்திலேயே புதுத்துரு படரும்.

இழைப்புளியின் அடிப்பரப்பைச் சமன் செய்ய, தடித்த கண்ணாடிமீது உப்புத்தாளை ஒட்டி, பென்சில் கோடுகள் மறையும்வரை தேய்க்கலாம். அலகைச் சற்று உள்ளிழுத்து, கருவியிலேயே இறுக்கி வைத்துத் தேய்ப்பது முறை. இறுக்கத்தில் உடல் வளைவதும் அப்போது கணக்கில் சேர்ந்துவிடும். அலகைத் தீட்டுகையில் முதலில் அதன் பின்புறம் தட்டையாக வேண்டும். பலர் இதனைத் தவிர்த்துவிட்டுக் கூர் வரவில்லை என்று கருவியைக் குறைகூறுகின்றனர். பின்னர் 25 பாகைச் சரிவில் தேய்த்து, முனையை மட்டும் 30 பாகையில் தீட்டினால் போதும். மின்சாணையைப் பயன்படுத்துவோர் அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். முனை நீலமாக மாறினால் அப்பகுதியின் கடினம் போய்விட்டது என்று பொருள்.

மரப்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். முந்தைய உரிமையாளர் தம் பெயரை மரத்தில் பொறித்திருந்தால் அதைத் தேய்த்து அழிக்காதிருப்பது எங்கள் விருப்பம்.

இணையவழி வாங்குவோருக்கு ஒரு சொல்: பொருளைக் காணுமுன் முன்பணம் கேட்டால் விலகுங்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

தொழிலுக்காகத் தொடங்குவோர் பழைய கைக்கருவிகளைச் சொந்தப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே சிக்கனம். புதிய கருவிகளுக்கும் முதலீட்டுக்கும் 17.9.2023 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் உள்ளது. தச்சர் உட்பட 18 தொழில்களுக்கான இத்திட்டத்தில், கருவித்தொகுப்புக்கென ரூ.15,000 வரை மின்சீட்டாக வழங்கப்படுகிறது. பிணையின்றி, 5 சதவீத வட்டியில் முதலில் ரூ.1 லட்சமும், அதை முறையாகச் செலுத்தியவர்க்கு அடுத்து ரூ.2 லட்சமும் கடனாகக் கிடைக்கும். பதிவைப் பொதுச் சேவை மையத்தில் செய்துகொள்ளலாம்.