மழைக்காலத்தில் ஆட்டுக்குத் தழை போடுங்கள்

ஆண்டுக் கடைசியில் ஜொகூரில் மழை பிடித்துக்கொண்டால், ஆடு வளர்ப்பவர்களைக் கவலையும் பிடித்துக்கொள்ளும். வெளியே புல் பச்சைப்பசேலென்று கிடக்கும். ஆனால், மேய்ந்து வரும் குட்டிகள் நாளுக்கு நாள் மெலியும். ஈறும் கண்ணின் உட்புறமும் வெளுக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுக்களின் வேலை இது. அவற்றின் குஞ்சுகள் ஈரப் புல்லின் அடிப்பகுதியில்தான் காத்திருக்கும். பூச்சி மருந்தை மட்டும் நம்பினால், நாளடைவில் புழுக்கள் அதற்கும் பழகிவிடும்.

இங்கேதான் வறண்ட சீமையின் பழைய வழக்கம் கைகொடுக்கிறது. கொங்கு நாட்டுக் காங்கேயம் வட்டாரக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள் நிற்கும். புல் காய்ந்த கோடையில் அவற்றின் காயும் தழையும் ஆடுகளைக் காப்பாற்றும். மாடு குனிந்து மேயும். ஆடு அண்ணாந்து கடிக்கும்.

நம் ஊரிலும் மரத்துக்குப் பஞ்சமில்லை. சாலையோரம் தானாக முளைக்கும் பெத்தாய் பெலாலாங்தான் தமிழகத்தில் சவுண்டல். அதன் தழையின் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். பலா, அகத்தி, முசுக்கொட்டை, கிளைரிசிடியா இலைகளும் உதவும். துரட்டியால் ஒடித்து, கட்டாகக் கட்டி, பரண் கொட்டகையில் ஆட்டின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். உயரத்தில் ஒடித்த தழையில் புழுத் தொல்லை இல்லை.

ஆனால், அளவு முக்கியம். சவுண்டலில் மிமோசின் என்ற நச்சு உண்டு. மிஞ்சினால் முடி கொட்டும், கழுத்தில் கழலை வரும். ஹவாய் ஆடுகள் இதைத் தின்றும் நலமாக இருப்பதற்கு, அவற்றின் வயிற்றில் உள்ள நுண்ணுயிரே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். 1992-இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. உங்கள் ஆட்டிடம் அது இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. எனவே தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிலோ பசுந்தீவனம் தேவை என்றால், அதில் சவுண்டல் ஒரு கிலோ போதும்.

கிளைரிசிடியாவின் வாடை பிடிக்காமல் ஆடு முகம் திருப்பினால், ஒரு நாள் வாடவிட்டுப் போடுங்கள். மரவள்ளி இலையை வாடவிடாமல் போடவே கூடாது. பச்சையாக இருக்கையில் அதில் சயனைடு நச்சு உண்டு. களைக்கொல்லி தெளித்த ஓரங்களில் தழை ஒடிக்காதீர்கள்.

ஈறு ஏற்கெனவே வெளுத்திருந்தால் தழை மட்டும் போதாது. புழுக்கையைப் பரிசோதிக்க, அருகிலுள்ள கால்நடை அலுவலகத்துக்கு அன்றே போங்கள்.