மீன் தொட்டியில் முதலில் வளர்க்க வேண்டியவை

வீட்டில் வண்ண மீன் வளர்க்கத் தொடங்குபவர்களில் பலருக்கு ஒரே மாதிரியான அனுபவம்தான் ஏற்படுகிறது. முதல் நாள் எல்லாம் அழகாக இருக்கிறது. ஒரு வாரத்திற்குள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக இறந்து மிதக்கின்றன. “நமக்கு மீன் ராசியில்லை” என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். இதில் ராசிக்கு வேலை இல்லை. பெரும்பாலும் மீன்களைக் கொல்வது, தெளிந்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு நஞ்சுதான். அது எப்படி உண்டாகிறது, அதைத் தவிர்க்கும் வகையில் தொட்டியை எப்படி அமைப்பது என்பதைக் காண்போம்.

தொட்டி

தொடங்குபவர்களுக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஏற்றது. அடியில் 5 செ.மீ. மணல் பரப்பி, 27 செ.மீ. உயரம் வரை நீர் நிரப்பினால், கண்ணாடியும் சேர்ந்து மொத்த எடை ஏறத்தாழ 70 கிலோ கிராம் ஆகும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுமார் 22 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஆகவே ஆட்டம் இல்லாத, மட்டமான மேசையின் மேல் தொட்டியை வையுங்கள். நேர் வெயில் படும் இடம் வேண்டாம். நீர் சூடேறும், பாசியும் மண்டும்.

உருண்டைக் கண்ணாடிக் குடுவை பார்க்க அழகுதான். மீனுக்கு அது ஏற்றதன்று. நீரில் ஆக்சிஜன் கரைவது முக்கியமாக நீரின் மேற்பரப்பின் வழியாகத்தான். குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால் மேற்பரப்பு மிகச் சிறியதாகிவிடுகிறது. காற்று பம்பின் குமிழிகள் செய்யும் பெரிய உதவியும் இதைச் சார்ந்ததே: அவை அடிநீரை மேலே கொண்டுவந்து காற்றைத் தொடச் செய்கின்றன.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். கோடையில் தொட்டியில் மீன் குறைவாக இருப்பதே நல்லது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெரிய நீர்ப்பரப்பில் கலந்து நீர்த்துப்போகும். நாற்பது லிட்டர் நீரில் அது எங்கே போகும்? நாளுக்கு நாள் சேர்ந்து மீனின் செவுளைத் தாக்குகிறது.

இதற்குத் தீர்வும் இயற்கையிலேயே உண்டு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டினால் வரும் தீங்கு மிகக் குறைவு. அதைத் தாவரங்கள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. மீதியை நாம் நீர் மாற்றும்போது வெளியேற்றிவிடலாம்.

இங்கே ஒரு சுவையான வரலாறு உண்டு. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கில வேதியியலர், தங்கமீன், வாலிஸ்னேரியாச் செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று வாழவைப்பதை 1850-இல் லண்டன் வேதியியல் சங்கத்திற்கு விளக்கினார். இன்றைய வீட்டுத் தொட்டிக்கு அதுவே ஒரு முன்னோடி. அதே பெயர் கொண்ட அவருடைய மகன் பின்னாளில் விவசாய வேதியியலர் ஆனார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு கட்டங்களில், இரண்டு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். தந்தையின் தொட்டி பிழைத்திருந்ததில் மகன் ஆராய்ந்த நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே முதலில் வளர்க்க வேண்டியவை மீன்கள் அல்ல, பாக்டீரியாக்கள்!

நம் ஊர்த் தண்ணீர்

திருவண்ணாமலையைப் போன்ற பாறை நிலத்து ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராக இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவே இதற்குச் சாட்சி. இத்தகைய நீர் பெரும்பாலும் சற்றுக் காரத்தன்மை உடையது. நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நஞ்சாகச் செயல்படும் பகுதி ஏறத்தாழ 10 மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். எனவே காரநீரும் கோடை வெயிலும் சேர்ந்த ஊரில் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கப்பி, மாலி, பிளாட்டி ஆகிய மீன்கள் கடினநீரில் நன்றாகவே வாழ்கின்றன. தொடங்குபவர்களுக்கு இவையே ஏற்றவை.

செய்முறை

மணலைப் பலமுறை அலசிப் பரப்புங்கள். குளோரின் கலந்த குழாய்நீரானால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். குளோரின் மீனையும் பாதிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். வாலிஸ்னேரியா அல்லது ஹைட்ரில்லா நட்டு, பஞ்சு வடிகட்டியைப் பம்புடன் இணைத்து ஓடவிடுங்கள்.

மீன் இல்லாத இத்தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவு. நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி மணல் வாங்கிப் போட்டால் காத்திருக்கும் காலம் குறையும். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசலால் நீரைச் சோதித்து வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயார்.

முதலில் நான்கு சிறு மீன்கள் போதும். வாங்கி வந்த பையை 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பிறகு மீன்களை விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி இடுங்கள்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். ஆவியான அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி வந்தால், உப்புகள் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தொட்டியை முழுவதும் காலி செய்து சோப்புப் போட்டுத் தேய்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அன்றே பாக்டீரியாக்கள் அழிகின்றன. தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது. வடிகட்டிப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்தால் போதும்.

மீன்கள் பெருகிவிட்டால் குளத்திலோ ஏரியிலோ விட வேண்டாம். கப்பி முதலியவை அயல்நாட்டு மீன்கள். நம் நாட்டு மீன்களின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளும்.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. நாட்களைக் கிடை அச்சிலும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளைக் குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரைந்து பாருங்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் காண்பீர்கள். முதலிரண்டு கோடுகளும் அடிமட்டத்தைத் தொட்ட நாளில் மீன் வாங்கப் புறப்படலாம்.