பிள்ளையார்பட்டியில் ஒரு கவுண்ட்-டவுன்!

பிள்ளையார்பட்டிக்குப் போனால் கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காரைக்குடிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது என் வழக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வழக்கம் கெட்டது. காரணம், ஒரு ராக்கெட்!

"மாமா, எட்டரைக்கு லாஞ்ச். இருந்து பார்த்துட்டுப் போங்க" என்றான் அக்கா மகன். பத்தாம் வகுப்பு. கையில் அவன் அப்பாவின் பழைய செல்போன். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.

"தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கேடா?"

அவன் பார்த்த பார்வையில் என் பி.காம். பட்டம் சுருண்டு மடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ராப்லாக்ஸ் என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. 2006-ல் வந்தது. இதில் விளையாட்டுகளை உண்டாக்குவதும் விளையாடுகிறவர்களே. அப்படி உண்டாக்கிய உலகங்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து விண்வெளி நிறுவனமே நடத்துகிறார்கள்! ஏவுதளம் உண்டு, கட்டுப்பாட்டு அறை உண்டு, பதவிகள் உண்டு. சம்பளம்தான் கிடையாது. லாஞ்சுக்கு நாள் குறித்து அறிவிக்கிறார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருகிறது. நேரம் நெருங்கியதும் டைரக்டர் ஒவ்வொரு பிரிவாகக் கேட்கிறார். எரிபொருள்? 'கோ'. இன்ஜின்? 'கோ'. எல்லோரும் 'கோ' சொன்னால்தான் மேற்கொண்டு நகரும். நிஜ ஏவுதளத்தில் நடப்பதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

"இதுல நீ என்னடா வேலை?"

"சேஃப்டி ஆபீசர், மாமா. ஏதாச்சும் தப்பாத் தெரிஞ்சா 'ஹோல்ட்' சொல்லணும்."

"தப்பா ஒண்ணும் தெரியலைன்னா?"

"சும்மா நிக்கணும்."

பல ஆபீஸ்களில் பார்த்த வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரை. அப்பத்தாவும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "ராக்கெட்டு விடுறதுக்கு முந்தி விடலைத் தேங்காய் உடைச்சியாடா?" என்று முக்கியமான கேள்வியைக் கேட்டார். அத்தான் மட்டும் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "பரீட்சைக்கு இப்படி உக்காந்தா உருப்படுவான்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

கவுண்ட்-டவுன் ஓடியது. நாற்பது வினாடி இருக்கும்போது பையன் முகம் மாறியது. ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த எரிபொருள் குழாயின் கை விலக வேண்டும். விலகவில்லை. இவன் 'ஹோல்ட்' என்று அடித்தான். கடிகாரம் நின்றது.

நின்றதும் ஆரம்பித்தது அர்ச்சனை! 'பயந்தாங்கொள்ளி' என்கிறான் ஒருவன். 'தூங்கப் போ' என்கிறான் இன்னொருவன். டைரக்டரே, 'அது சும்மா படம்தான், விட்டுடு' என்கிறான். எல்லாம் இங்கிலீஷில். பையனுக்கு மூக்கு நுனி வியர்த்துவிட்டது. ஆனாலும் 'நோ கோ' என்று மறுபடி அடித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. படிப்பு முடித்து நான் போன முதல் வேலையில், ஒரு மார்ச் 31 ராத்திரி. சரக்குக் கணக்கில் ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்கு ஏறாமல் நின்றிருந்தது என் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் குறைந்த சரக்கு எங்கே என்று கேள்வி வந்தபோது, வேலை போனது எனக்கு இல்லை... கோடவுனில் இருந்த வயசான மனிதருக்கு. 'ஒரு நிமிஷம் இருங்க ஸார்' என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம். கடைசி நிமிஷங்களில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. கட்டுப்பாட்டுப் பகுதியில் கோளாறு. நிபுணர்கள் 'பரவாயில்லை' என்றார்கள். திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம் கம்ப்யூட்டரை மீறி ராக்கெட்டை விட்டார். அது வங்காள விரிகுடாவில் விழுந்தது. இதை வெளியே தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. கலாமே பின்னாளில் மேடைக்கு மேடை சொன்னதுதான். அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, 'நீங்க போய்ப் பேசுங்க' என்று கலாமை அனுப்பினாராம்!

அந்தப் பாடம் வீண் போகவில்லை. 2019 ஜூலை 15, சந்திரயான்-2. நேரில் பார்க்க ஜனாதிபதியே வந்து உட்கார்ந்திருக்கிறார். 56 நிமிடம் 24 வினாடி பாக்கி இருக்கும்போது 'ஹோல்ட்'! ஜனாதிபதி வந்துவிட்டாரே என்று யாரும் ராக்கெட்டை விடவில்லை. கோளாறைச் சரிசெய்து ஜூலை 22-ல் விட்டார்கள், ஒழுங்காகப் போனது. (நிலவில் லேண்டர் விழுந்தது வேறு கதை.) 2023 அக்டோபர் 21-ல் ககன்யான் திட்டத்துக்கான சோதனை ராக்கெட், ஐந்தே வினாடி இருக்கும்போது நின்றது. என்னவென்று பார்த்துச் சரிசெய்து, அன்று காலை பத்து மணிக்கே பறக்கவிட்டார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தா முந்திக்கொண்டார்.

"ஏன்டா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க? திரிபுரத்தை எரிக்கப் போன பரமசிவன் தேரையே நிப்பாட்டினவரு நம்ம பிள்ளையாரு. அச்சே முறிஞ்சுபோச்சுல்ல, அச்சிறுபாக்கத்துல! அப்பனாச்சேன்னு பார்த்தாரா?"

கலாம், சந்திரயான் எல்லாம் சொல்லி நான் செய்ய நினைத்ததை, ஒரே புராணத்தில் முடித்துவிட்டார்.

குழாயின் கையைச் சரிசெய்ய இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாதிக் கூட்டம் போய்விட்டது. என் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மறுபடி கவுண்ட்-டவுன். பத்து, ஒன்பது, எட்டு... நாங்கள் மூன்று பேரும் அந்தக் கீறலுக்கு மேல் குனிந்திருந்தோம். ஆறு வரும்போது செல்போன் அணைந்துவிட்டது. சார்ஜ் காலி!

"போச்சாடா?" என்றார் அப்பத்தா, வானத்தைப் பார்த்து.

"தெரியலை, அப்பத்தா."

இந்த விளையாட்டால் ராக்கெட் விஞ்ஞானம் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கை இவன் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால், குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் நிஜமான ஏவுதளத்துக்கே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கே 'கோ' சொல்ல நிறையப் பேர் கிடைப்பார்கள். ஊரே அவசரப்படும்போது 'ஹோல்ட்' சொல்லத்தான் ஆள் வேண்டும். அங்கே மட்டுமா? எல்லா ஆபீஸிலும்தான்.

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அத்தான் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அம்புட்டுப் பேரும் வையறப்பவும் நிறுத்துன்னுதான் சொன்னியா?" என்றார். பையன் தலையாட்டினான்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினார்.