ஒரு சுற்றறிக்கை செல்போனுக்கு வரும் வழி

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான். மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி போன்றவை இணைந்திருப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு. 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவான அதன் வளாகம் திருநெல்வேலியைத் தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். அரியர் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்ன, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, ரிசல்ட் வந்ததா என்பதெல்லாம் செல்போனில் தெரிந்தால்தான் உண்டு.

அந்தச் செய்தி முதலில் பிறக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் இணையதளம். முகவரியின் கடைசியில் ‘ஏசி டாட் இன்’ இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். டாட் காம் முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஏசி டாட் இன் அப்படியல்ல. மத்திய அரசின் எர்நெட் நிறுவனம், விண்ணப்பிப்பது கல்வி நிறுவனம்தானா என்று பார்த்துத்தான் கொடுக்கும். வெறுமனே ‘எம்.எஸ்.யூ. ரிசல்ட்’ என்று கூகுளில் தட்டினால் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் வந்து நிற்கலாம். அவர்களுக்கும் அதே மூன்றெழுத்துதான்.

பல கல்வி நிறுவனங்கள் சறுக்குவது அடுத்த படியில். கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு வெறும் படம். தேடுபொறிக்கு அதிலுள்ள தேதியைப் படிப்பது எளிதல்ல. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். தமிழில் இன்னொரு பழைய தொல்லையும் உண்டு. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தமிழ் எழுத்துகளுக்கென்றே உலகம் முழுவதும் செல்லும் தனி எண்கள் அதில் இருக்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்த நான்கு வரி, முத்திரை குத்திய ஸ்கேன் தாளைவிட மாணவருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து. அலுவலகங்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. முத்திரை இல்லாவிட்டால் யார் நம்புவார்கள் என்று கேட்கிறார்கள். முத்திரையும் இன்று ஒரு படம்தானே, யாரும் வெட்டி ஒட்டலாம். மழைக்காலத்தில் பழைய விடுமுறை அறிவிப்பின் தேதியை மட்டும் மாற்றிச் சுற்றவிடுவது அப்படித்தான்.

இனி சமூக ஊடகம். 2004-ல் ஹார்வர்டு மாணவர் விடுதியில் பிறந்த ஃபேஸ்புக், தொடக்கத்தில் கல்லூரி மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே விடும். கல்லூரிக்குள்ளிருந்து கிளம்பிய அதே தளத்தில் இன்று கல்லூரிகளே கணக்குத் திறந்து மாணவரைத் தேடுகின்றன. ஆனால் பக்கத்தில் போட்டுவிட்டால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. யாருக்கு எதை முதலில் காட்டுவது என்று ஒரு கணக்கீடு முடிவு செய்கிறது. எதைத் தொட்டோம், எதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதெல்லாம் அதற்குத் தீனி. இன்ஸ்டாகிராம் 2016-ல் நேர வரிசையைக் கைவிட்டது. ‘நாளை கடைசி நாள்’ என்ற பதிவு மூன்று நாள் கழித்துக் கண்ணில் படுவது அதனால்தான். ஆகவே ‘நாளை’, ‘இன்று மாலை’ என்றெல்லாம் எழுதாமல் தேதியை எழுத வேண்டும். பட்டமளிப்பு விழாப் படத்துக்கு விழும் லைக், கட்டண அறிவிப்புக்கு விழாது. கணக்கீடு எதை முன்னே தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிசல்ட் நாள் தனி ரகம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று கோயில் வாசலுக்கு வரும் கூட்டம் போல, பல ஆயிரம் பேர் ஒரே நிமிடத்தில் ஒரே சர்வரின் கதவைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவர் பதிவெண்ணுக்கும் சர்வர் தரவுத்தளத்துக்குள் போய்த் தேடி, மதிப்பெண்ணை எடுத்து, பக்கத்தை அமைத்துத் தர வேண்டும். வரிசை நீண்டு ஓரளவுக்கு மேல் போனால் பக்கம் திறக்காது. பக்கம் திறக்காதவர் மறுபடி மறுபடி ரிஃப்ரெஷ் செய்வார். கூட்டம் இன்னும் பெருகும். மதிப்பெண் பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து, பல சர்வர்களில் பிரித்து வைத்தால் தேடும் வேலையே பெரும்பாலும் இல்லாமல் போகும். அதே முடிவை டிஜிலாக்கர் போன்ற இன்னொரு வாசலிலும் வைத்தால் கூட்டம் பிரியும்.

பெரும்பாலோருக்குச் செய்தி வந்து சேர்வது என்னவோ வாட்ஸ்அப்பில்தான். துறைத் தலைவர் குரூப்பிலிருந்து வகுப்பு குரூப்புக்கு, அங்கிருந்து நண்பர்கள் குரூப்புக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிர்கிறது. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே இருந்த தேதி வெட்டுப்படும். படத்தைச் செயலி சுருக்குவதால் சின்ன எழுத்து மங்கும். செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுப் போவதால், எந்தப் பிழையான தாள் எத்தனை குரூப்பில் உலவுகிறது என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது, திருத்தவும் முடியாது. வதந்தியைத் தடுக்க வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி விழும். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம். இந்தக் கட்டுப்பாடு வதந்தி, தேர்வு அட்டவணை என்று பேதம் பார்ப்பதில்லை.

2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனல் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்க்கிறது. சேனலில் நிறுவனம் மட்டும் பேசும். சேர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது. மாணவிகளுக்கு இது பெரிய நிம்மதி. சேனல் பதிவை அப்படியே ஃபார்வர்டு செய்தால் மூலச் சேனலுக்கான இணைப்பும் கூடவே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போகாது.