கடலுக்கு ஓய்வு: மீன்பிடித் தடைக்காலமும் ஐரோப்பியர் முறையும்

விதை நெல்லைக் குத்தி உண்ணும் குடியானவன் மறு வருஷம் விதைக்க வழியின்றித் தவிப்பான் என்பதை நம் விவசாயிகளுக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கடலுக்கும் இந்நியாயமே பொருந்தும்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிப்போர் சித்திரை, வைகாசி மாதங்களில் அருகிலுள்ள சைதாப்பேட்டை அங்காடிக்குச் சென்றால், வஞ்சிரம் முதலிய மீன்களின் விலை ஏறியிருக்கக் காண்பார்கள். காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டுண்டு கிடப்பதே காரணம். மீன்கள் பல முட்டையிடும் பருவமாகையால், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் அவை கடலுக்குச் செல்லலாகாது. 2001-ஆம் வருஷத்தில் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017-இல் நீட்டப்பெற்றது. கட்டுமரம் முதலிய நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் இழுவலையிலோ பெரிய மீனுடன் குஞ்சும் சேர்ந்தே சிக்கும்.

ஐரோப்பாவில் முறை வேறு. வட கடலில் ஹெர்ரிங் என்னும் மீன் அளவின்றிப் பிடிக்கப்பெற்று அருகியமையால், 1977-இல் அதனைப் பிடிப்பதையே நிறுத்த நேர்ந்தது. 1983-இல் அந்நாடுகள் பொது மீன்பிடிக் கொள்கை வகுத்தன. அதன்படி, இன்ன மீனை இவ்வருஷம் இத்தனை டன் பிடிக்கலாமென விஞ்ஞானிகளின் ஆலோசனை கேட்டு அமைச்சர்கள் நிர்ணயித்து, நாடுதோறும் பங்கிடுகின்றனர். ஆயினும் விஞ்ஞானிகள் கூறியதற்கு மேலாக நிர்ணயித்த வருஷங்களும் பல. பங்குக்கு மேற்பட்ட மீனைச் செத்த பின் கடலிலேயே எறிந்தனர். இதைத் தடுக்க, பங்கு விதிக்கப்பெற்ற மீனைக் கரைக்குக் கொணர வேண்டுமென்ற விதி 2015 முதல் 2019-க்குள் படிப்படியாக அமுலுக்கு வந்தது.

நம் முறையில் நாட்களுக்கு வரம்புண்டு. பிடிக்கும் அளவுக்கு இல்லை. தடை நீங்கியதும் படகுகள் யாவும் ஒருங்கே புறப்பட்டு, நெருங்கிய கண்ணுள்ள வலைகளால் குஞ்சுகளை வாரினால், இரண்டு மாதம் காத்த பயன் கெடும். எனினும் ஐரோப்பிய முறையை அப்படியே மேற்கொள்ளுதல் எளிதன்று. நம் கடலில் ஒரே வலையில் பல இன மீன்கள் கலந்து விழும்; சிறு துறைகளும் பல. இன்ன மீன் இத்தனை எடையென எங்கும் கணக்கெடுத்தல் அரிது. ஆகவே வலைக்கண்ணின் அளவைப் பேணுதலும், 1983-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு விடுதலுமே நமக்கு ஏற்றவை.

தடைக்காலத்தில் படகுக் கூலியாட்கள் வேலையிழக்கின்றனர். சர்க்கார் நிவாரணத் தொகை அளிக்கின்றது. அவர்கள் பொறுத்த கஷ்டம் வீணாகாமற் காப்பதில் வாங்குவோர்க்கும் பங்குண்டு. பெரு மீன்களின் குஞ்சுகளை உணவுக்கோ, கோழித் தீவனத்துக்கோ, எருவுக்கோ வாங்காதிருப்பதே அப்பங்கு. வாங்குவாரில்லையேல் வாருவாரும் குறைவர்.