குச்சி ஒடிந்த வாணம் சொல்லும் பாடம்

தீபாவளி இரவில் மாட்டுங்காவிலோ தாராவியிலோ வீட்டு வாசலில் நின்று ராக்கெட் வாணம் விட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். குச்சி முழுசாக இருந்தால் வாணம் நேரே வானத்தைப் பார்த்துப் போகும். குச்சி பாதியில் ஒடிந்திருந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்வீட்டு ஜன்னலுக்குள் புகுந்தாலும் புகும். 'சரக்கு சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு மருந்தில் இல்லை, குச்சியில்தான்.

ராக்கெட் செய்ய ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுவே ஆகும்.

இரண்டு மையங்கள்

ஒவ்வொரு ராக்கெட்டிலும் இரண்டு மையங்கள் உண்டு. நூலில் கட்டித் தொங்கவிட்டால் எந்த இடத்தில் அது தராசுக் கோல் போலச் சமமாக நிற்கிறதோ, அது எடை மையம். பறக்கும்போது பக்கவாட்டில் தாக்கும் காற்றின் விசை எல்லாம் கூடிச் சேரும் இடம் காற்றழுத்த மையம். எடை மையம் முன்னாலும் காற்றழுத்த மையம் பின்னாலும் இருந்தால், ராக்கெட் சற்றே விலகினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். இரண்டும் இடம் மாறிவிட்டால் ராக்கெட் கரணம் அடிக்கும்.

வாணத்தின் நீண்ட குச்சி காற்றழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுத்து வைக்கிறது. மாதிரி ராக்கெட்டில் குச்சி கிடையாது. அதன் வேலையை வால் பக்கத்தில் ஒட்டும் 3 அல்லது 4 இறக்கைகள் செய்கின்றன.

செருப்புக் கடைக்காரரின் யோசனை

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். 1954-ல் இவர் ஒரு சிறு ராக்கெட் செய்தார். மருந்துக் குழாய் மட்டும் தனி. எரிந்து தீர்ந்ததும் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு ராக்கெட் மோகம் பிடித்த சிறுவர்கள் வீட்டிலேயே மருந்து கலந்து குழாயில் அடைத்து விபத்துக்கு ஆளானார்கள். அதைத் தடுக்க, ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் நிபுணர் கார்லைலின் முறையை நாடெங்கும் பரப்பினார். அட்டைக் குழாய், மூக்கு, இறக்கைகள், பாரசூட் எல்லாம் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வந்தன.

பெட்டியில் உள்ளபடி ஒட்டினால் ராக்கெட் ஒழுங்காகப் பறக்கும். 'இன்னும் உயரம் போகட்டும்' என்று பெரிய மருந்துக் குழாயைச் செருகினால் வால் கனத்துவிடும். எடை மையம் பின்னுக்கு நகரும். பிறகு குச்சி ஒடிந்த வாணத்தின் கதைதான்! மூக்கில் களிமண் வைத்தோ, இறக்கைகளைப் பெரிதாக்கியோ அதைச் சரிக்கட்ட வேண்டும்.

பம்பாயிலிருந்து தும்பாவுக்கு

வெளியிலிருந்து வந்த ராக்கெட்டைப் பூட்டிப் பழகித் தொழில் கற்றவர்களில் நம்மவர்களும் உண்டு. ராமேசுவரத்து அப்துல் கலாமை, விக்ரம் சாராபாய் நேர்முகத் தேர்வு கண்டது அன்றைய பம்பாயில்தான். சென்னை எம்.ஐ.டி.யில் படித்த ஆர். ஆராவமுதன், செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் அணுசக்தித் துறையில் வேலை பார்த்தவர். இருவரும் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுக் கேரளத்தின் தும்பாவுக்கு வந்தார்கள்.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி, அமெரிக்காவிலிருந்து வந்தது. மாதா கோயில் கட்டடத்தில் வைத்து அதைப் பூட்டினார்கள். ஏவுதளத்தில் தூக்கி நிறுத்தும் வேளையில் கிரேனில் எண்ணெய் கசிந்தது. எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி வைத்தார்கள். 4 ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, 75 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட ரோகிணி அங்கிருந்து பறந்தது. அது இந்தியாவிலேயே செய்யப்பட்ட ராக்கெட் என்பது குறிப்பிடத்தக்கது.

மருந்து வேண்டாம், தண்ணீர் போதும்

தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் அடைப்பது விளையாட்டு அல்ல. கை போகும், கண் போகும். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அதே பாடத்தைத் தண்ணீரிலேயே படிக்கலாம். 2 லிட்டர் சோடா பாட்டில் ஒன்று போதும். கீறலோ நசுங்கலோ இருக்கக்கூடாது. கண்ணாடியும் தகரமும் அறவே கூடாது. பாட்டிலின் வாய்ப்பக்கம்தான் ராக்கெட்டின் வால். அங்கே அட்டை இறக்கைகளையும், அடிப்பக்கத்தில் அட்டை மூக்கையும் ஒட்டி, மூக்குக்குள் சிறிது களிமண் வைக்க வேண்டும். எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தால், மூக்கு முன்னால் போக வேண்டும். வால் முன்னால் வந்தால் இன்னும் சிறிது களிமண் சேர்க்கலாம்.

பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி செருகிய ரப்பர் தக்கையால் மூடி, தலைகீழாக நிறுத்தி, நீண்ட குழாய் வழியே சைக்கிள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். காற்று அழுத்தம் தாங்காமல் தக்கை விடுபட்டதும் தண்ணீர் கீழே சீறும், பாட்டில் மேலே பாயும். சந்தில் விடாமல் திறந்த மைதானத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். காற்றடிக்கும்போது பாட்டிலின் மேல் குனியவே கூடாது. தக்கை விடுபடாவிட்டாலும் கிட்டே போகாமல், தூரத்திலிருந்தே காற்றை இறக்கிவிட வேண்டும்.

தண்ணீர் அளவு, களிமண், இறக்கை ஆகியவற்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் பறந்த விதத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், கோணலாகப் போனதற்குக் காரணம் எது என்று தெரியாமலே போய்விடும்.

வேலை முடிந்து வந்த தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பைப் பிடித்தால் போதும். நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்வான்.